கற்பிக்க வருவோர் முதலிற் கற்கட்டும்!

வறிய நாடுகளை வளம்படுத்தப் புறப்படும் அறிஞர் கூட்டம் பணத்தோடு வருகிறது, யந்திரத்தோடு வருகிறது, வரைபடங்களோடு வருகிறது. கற்கும் மனத்தோடு வருவதோ அரிது. உழவனுக்கு ஒன்றும் தெரியாது என்ற தீர்ப்பு அவனைக் காணுமுன்பே எழுதப்பட்டுவிடுகிறது. இந்த ஆணவத்தின் விலை என்ன?

தங்கனீக்காவைக் கேளுங்கள்! இன்று தன்சானியாவின் பகுதியாக உள்ள அந்நாட்டில், 1947 ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு கச்சான் திட்டமொன்றைத் தொடங்கியது. முப்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் பயிரிடுவோம் என்று பறைசாற்றினர். முந்திய ஆண்டு சென்ற ஆய்வுக் குழுவோ ஒன்பதே வாரங்களில் ஆய்வை முடித்தது! மழை அங்கே பொய்க்கும் என்பதும், கொங்குவாவின் களிமண் வெயிலிற் கல்லாய் இறுகும் என்பதும் அம்மண்ணில் வாழ்ந்தோர் அறியாதவையா? அவர்களிடம் பாடங் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. வறட்சி வந்தது, யந்திரங்கள் முறிந்தன. 1951 இல் திட்டம் கைவிடப்பட்டது. மூன்றரைக் கோடிப் பவுணுக்கு மேல் மண்ணோடு மண்ணாயிற்று.

அப்படியாயின் விஞ்ஞானம் வேண்டாமா? வேண்டும்; ஆனால் அது வயலில் இறங்கி நிற்க வேண்டும். இந்தோனேசியாவில் அரசு மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை அள்ளித் தெளிப்பித்தது. கபிலத் தத்தி அழிந்ததா? அதனைத் தின்னும் சிலந்திகள் மடிந்தன, தத்தி பெருகியது. பூச்சியியலாளர் இவ்வுண்மையை எடுத்துரைத்தனர். 1986 இல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகள் தடுக்கப்பட்டன. 1989 முதல், உலக உணவு விவசாயத் தாபனத்தின் துணையுடன் வயற்பள்ளிகள் எழுந்தன. அங்கே உழவரே வாரந்தோறும் பயிரை ஆராய்ந்தனர். பூச்சியையும் சிலந்தியையும் எண்ணினர். தெளிப்பதா விடுவதா என்று தாமே முடிவு செய்தனர். அறிஞனும் கற்றான், உழவனும் கற்றான், பயிர் பிழைத்தது.

இரண்டு நாடுகள், ஒரே பாடம். கேளாத அறிவு பொருளை அழிக்கும்; கேட்ட அறிவு பயிரைக் காக்கும்.

பொறியியலாளரே, விவசாய அதிகாரிகளே! வெளிநாட்டு உதவித் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, ஒப்பமிடுமுன் வரப்பிலே நடந்து பாருங்கள். முன்னைய திட்டங்களின் தோல்வியைக் கோப்புக்குள் புதைக்காதீர்கள். அதுவே அடுத்த திட்டத்தின் முதற்பாடம்.

உழவர் பெருமக்களே! கூட்டத்திலே தலையாட்டிவிட்டு வயலிலே கண்ணீர் வடிப்பதிற் பயனில்லை. உங்களுக்குத் தெரிந்ததைத் துணிந்து சொல்லுங்கள். திட்டம் தோற்றால் நிபுணர் ஊர் திரும்புவார். கடன் உங்கள் முற்றத்திலேயே நிற்கும்!