வீட்டு வேலைக்கு மணிக்கு இவ்வளவுன்னு அரசே சொல்லியிருக்கு... விழுப்புரம், திண்டிவனத்தில் கணக்கு இடிப்பது எங்கே?

காலை நேர டவுன் பஸ்ஸில் மயிலம், ஒலக்கூர் பக்கத்து ஊர்களிலிருந்து திண்டிவனம் வந்து இறங்கும் பெண்களில் சிலர் கடைக்கோ ஆபீஸுக்கோ போவதில்லை. நேராகப் போவது இன்னொருவர் வீட்டு அடுப்படிக்கு. பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது என ஒரு வீடு முடிந்ததும் அடுத்த வீடு. விழுப்புரத்திலும் இதே கதைதான்.

சம்பளம் எப்படி முடிவாகிறது? "பக்கத்து வீட்ல என்ன தர்றாங்களோ, அதையே நாங்களும் தர்றோம்மா." பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே பேச்சு முடிந்துவிடும். ஆனால், இந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

அரசு சொன்ன கூலி எவ்வளவு?

வீட்டுப் பணியாளர்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு 2018-ல் அறிவித்தது. வேலையின் திறனைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு 37 முதல் 39 ரூபாய் வரை.

சின்னதாக ஒரு கணக்கு போடலாம். ஒரு வீட்டில் தினமும் 2 மணி நேரம், மாதம் 30 நாளும் வேலை என்றால், மணிக்கு 37 ரூபாய் வீதம் 2,220 ரூபாய் வருகிறது. இது 2018-ல் சொன்ன கணக்கு. அதற்குப் பிறகு கேஸ், அரிசி, வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்போ கணக்கு எங்கே இடிக்கிறது?

அரசு ஊதியம் சொல்வது மணிக்கணக்கில். நம்ம ஊரில் பேசுவது 'வீட்டுக்கு இவ்வளவு' என்று. விருந்தாளி வந்தால் பாத்திரம் கூடும், பண்டிகை வந்தால் ஒட்டடை அடிக்கணும். நேரம் கூடும், சம்பளம் கூடாது.

அடுத்தது, கண்காணிப்பு. கடையையும் கம்பெனியையும் போல ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி அதிகாரிகள் சோதனை செய்ய முடியாது. வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. புகார் கொடுத்தால் மறுநாள் அந்த வேலையே இருக்காதே என்ற பயம் வேறு.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் நிலை?

இது இன்னும் சிக்கல். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து பக்கவாத நோயாளி ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, டயப்பர் மாற்றுவது, ராத்திரி கூப்பிட்டால் எழுந்திருப்பது எல்லாம் வேலைதான். ஆனால் 'கூடவே இருக்கணும்' என்று சொல்லிச் சேர்க்கும்போது, எத்தனை மணி நேரம் வேலை, எப்போது தூக்கம், வாரத்தில் எந்த நாள் லீவு என்று யாரும் பேசுவதில்லை.

புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது தனி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு ஊதிய ஆணை அங்கே செல்லாது.

வாரியத்தில் பதிந்தால் என்ன பயன்?

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் கட்டணமில்லாமல் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண் கண்ணாடி, விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகையும், 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியமும் உண்டு. ஆனால் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் சிக்கல். வாரியம் உதவித்தொகைதான் தரும், சம்பளத்தைக் கூட்டித் தராது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

தொந்தரவு நடந்தால்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதில் வீடும் பணியிடம்தான். வீட்டுப் பணியாளர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவில் 3 மாதங்களுக்குள் புகார் தரலாம்.

நாடு முழுவதுக்கும் சட்டம் இருக்கிறதா?

தனிச் சட்டம் இல்லை. வீட்டுப் பணியாளர் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரி 29 அன்று ஒரு வழக்கில், சட்டப் பாதுகாப்பு பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே ஆண்டு நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே வீட்டுப் பணியை விலக்கி வைத்திருக்கிறது.

இப்போதே என்ன செய்யலாம்?

வேலை செய்பவர்கள்: வந்த நேரம், போன நேரம், வாங்கிய சம்பளம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஊதியப் பிரச்னை வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். வாரியப் பதிவுக்கு மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தை அணுகலாம்.

வேலைக்கு வைத்திருப்பவர்கள்: என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் லீவு, கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ யுபிஐ மூலமோ கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் பதிவு இருக்கும்.

அதிகாரி எட்டிப் பார்க்க முடியாத இடம் வீடு. அதனால் இந்தக் கூலி ஆணை அமலாவதும் அமலாகாததும், இப்போதைக்கு, மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும் கையில்தான் இருக்கிறது.