எண் குறைந்தால் தழும்பு மறையுமா?

என் கணவருக்கு ஹெபடைடிஸ் 'பி' இருப்பது தெரிந்து இரண்டு வருடமாகிறது. தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாத ரத்தப் பரிசோதனையில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. எஸ்.ஜி.ஓ.டி. 118-லிருந்து 30, எஸ்.ஜி.பி.டி. 121-லிருந்து 36. இந்த இரண்டோடு வயதையும், டெங்கு வந்தால் பார்ப்பார்களே, அந்த பிளேட்லெட்டையும் சேர்த்து, ஈரலில் தழும்பு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். 'ஃபிப்-4' என்று பெயர். அதுவும் 3.5-லிருந்து 1.6 ஆகிவிட்டது.

"அதான் எல்லாம் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை, ஸ்கேன்னு காசைக் கொட்டணும்?" என்றார் மாமியார். கணவரும் தலையாட்டினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவரை வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துக் காட்டினார். "எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் ஈரல் புண்பட்டு வீங்கியிருப்பதைச் சொல்பவை. மாத்திரை அதைச் சீக்கிரம் தணிக்கும். அதனால் இந்தக் கணக்கும் தானா இறங்கும். தழும்பு கரைய வருஷக்கணக்காகும். பிளேட்லெட்டைப் பாருங்கம்மா, அன்னிக்கு 1,30,000, இன்னிக்கு 1,35,000. பெரிசா ஒண்ணும் மாறலையே!" என்றார். ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், ஈரல் இன்னும் இறுகித்தான் இருந்தது.

கையில் எண்ணெய் தெறித்தால் எரிச்சல் அன்றைக்கே அடங்கிவிடும். தழும்பு அன்றைக்கே போகுமா? அதே கதைதான்.

மாத்திரையை நாமாக நிறுத்தினால் கிருமி மறுபடி கிளம்பி, ஈரலையே செயலிழக்க வைத்துவிடலாமாம். தழும்பேறிய ஈரலில் புற்றுநோய் வரும் ஆபத்தும் மருந்தால் குறையுமே தவிர, அடியோடு போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்குத்தான்.

ரத்தப் பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று அதுதானே காட்டியது! ஆனால் ஓர் எண் குறைந்ததுமே நோய் போய்விட்டது என்று முடிவு கட்டுவது தப்பு.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் இப்படி மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். "வீக்கம் குறைஞ்சிருக்கா, தழும்பு குறைஞ்சிருக்கா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். அதிகம் படிக்காத நானே கேட்டேன். நீங்கள் கேட்க மாட்டீர்களா?

- ஒரு வாசகி, கரூர்.