கத்திக்கு முன் ஒரு படம்

வேறு ஏதோ வயிற்று உபாதைக்காக எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்துக் கட்டியொன்று தற்செயலாகத் தென்பட, அது புற்றா, தீங்கற்ற வளர்ச்சியா என்பது நிச்சயப்படாத நிலையிலேயே அதை அறுத்தெடுப்பதும், எடுத்தவற்றுள் கணிசமானவை தீங்கற்றவை என்பது பிற்பாடு பரிசோதனைச் சாலையில் தெரிய வருவதும் வைத்திய உலகில் சகஜமாகிவிட்டன. வழக்கமான பெட் ஸ்கேன் இங்கே அதிகம் உதவுவதில்லை; அதற்காகச் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையைப் புற்றணுக்கள் ஆவலோடு ஏற்றாலும், சிறுநீரோடு வெளியேறும் அதன் மிச்சமே சிறுநீரகப் பிரதேசம் முழுவதையும் பிரகாசிக்கச் செய்து கட்டியை மறைத்துவிடுகிறது.

சர்க்கரைக்குப் பதிலாக வேறொரு தூதனை அனுப்பலாமே என்ற யோசனை புதிதல்ல. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே பற்றும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் உபாயத்தை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டபோதே, அதனோடு கதிரியக்க அணுவைப் பிணைத்துப் புற்றைத் தேட அனுப்பலாம் என்ற ஆசை பிறந்துவிட்டது. ஆசை சுலபமாகப் பலிக்கவில்லை. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிராஸ்டாசின்ட் என்னும் இத்தகைய ஆன்டிபாடி, பிராஸ்டேட் புற்றணுவின் புரதத்தில் செல்லுக்கு உள்ளே இருக்கும் பாகத்தைப் பற்றுவதாக அமைந்துவிட்டபடியால், சவ்வு சிதையாத உயிருள்ள செல்களிடம் அதன் சாமர்த்தியம் செல்லவில்லை; விலாசம் சரி, வாசல்தான் பூட்டியிருந்தது!

காலப் பொருத்தம் மற்றொரு சங்கடம். ஆன்டிபாடி ரத்தத்தில் சாவகாசமாகச் சுற்றிக் கட்டியில் சேரச் சில நாட்கள் ஆகும். பெட் ஸ்கேனுக்கு வழக்கமான ஃபுளோரின்-18 அதுவரை காத்திராது, அதன் அரை ஆயுள் 110 நிமிஷமே. ஏறக்குறைய 78 மணி நேர அரை ஆயுளுள்ள ஜிர்கோனியம்-89 அந்தக் குறையைத் தீர்த்தது. அதை ஜிரென்டக்சிமாப் என்னும் ஆன்டிபாடியோடு சேர்த்து 300 பேருக்குச் செலுத்திய ஆராய்ச்சியின் முடிவு 2024-இல் வெளிவந்தது: சிறுநீரகப் புற்றுகளுள் மிகுதியாகக் காணப்படும் தெளிசெல் வகையை நூற்றுக்கு 86 பங்கு கண்டுபிடித்தது, அவ்வகையல்லாத கட்டிகளில் 87 பங்கை அல்லவென்றே காட்டியது.

மெச்சத்தக்க பலன்தான். ஆயினும் தப்பிவிடும் 14 பங்கும், படத்தில் ஒளிராத வேறு வகைப் புற்றுகளும் இருக்கையில், ஒளிராத கட்டியை நிரபராதி என்று விடுதலை செய்வது துணிச்சலாகும். சரீரத்தில் பல நாள் தங்கும் கதிரியக்கத்தையும் செலவையும் யோசித்தால், இதை எல்லோருக்கும் செய்யவேண்டிய சடங்காக்குவதும் உசிதமன்று. அறுவை எப்படியும் அவசியமென்று தீர்மானமான பெரிய கட்டிக்கு இந்தப் படம் எதற்கு? ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கும், அறுவையைத் தாங்குவாரா என்ற ஐயத்துக்கிடமான முதியவருக்கும், கண்காணித்துக் காத்திருக்கலாமா என்று வைத்தியர் மெய்யாகவே தயங்கும் சந்தர்ப்பத்தில், இதை முதலில் ஒதுக்கவேண்டும்.