சாகாவரம் யாருக்கு?

ஆன்மா அழியாதது, மேலுலகில் நித்திய வாழ்வு உண்டு என்று நம் மக்களுக்கு ஓயாது உபதேசிக்கப்படுகிறது. சுங்கை பெசார் வட்டாரத் தோட்டங்களில் ஒரு சாவு நேர்ந்தால், கடன் வாங்கியேனும் கருமாதி நடத்துகிறோம். ஆனால், இறந்தவர் எவ்வூரினின்று வந்தார், எந்தக் காட்டைத் திருத்தினார் என்பதை எழுதி வைப்பார் அரியர். இதுவோ சாகாவாழ்வு?

இவ்வெண்ணத்தின் வேரை நாடுவோம். 'அமிர்தம்' என்னும் வடசொல்லுக்குச் சாகாமை என்பதே பொருள். கிரேக்கக் கடவுளர் உண்ட 'அம்புரோசியா'வும் அவ்வேரினின்றே கிளைத்ததென்பர் மொழிநூலார். அது கிடைத்த கதையைப் பாருங்கள்! கடலைக் கடைந்தவர் தேவரும் அசுரரும்; உண்டவர் தேவரே. பந்தியில் வந்தமர்ந்த ஓர் அசுரனுக்கோ தலை போயிற்று. கயிறு இழுத்தவனுக்குப் பங்கில்லை என்பதைத் தோட்டத் தமிழனினும் நன்கறிந்தவர் யார்?

தமிழர் போற்றிய சாகாமை வேறு. நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தகடூர் அதியமான் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். ஈந்தமையாலன்றோ அவன் பெயர் இன்றும் வாழ்கிறது? போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கிறது. மேலுலக நம்பிக்கை நம் முன்னோர்க்கும் இருந்தது. ஆயினும், பெயரைக் காக்கும் கடனை அவர்கள் வானத்தார்க்கு விட்டுவிடவில்லை.

அக்கடனை நாம் செலுத்தினோமா? 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழரை ஜப்பானியர் கொண்டு சென்றனர். காலராவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக உறங்குகின்றனர். நம்மவர்க்கெனத் தமிழர் முயற்சியால் அவ்வூரில் ஒரு நடுகல் எழுந்ததோ 2023இல்தான்! எண்பது ஆண்டுகள் நாம் எங்கிருந்தோம்?

கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் எண்ணெய்ப்பனையை வணிகப் பயிராக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்று நூல்கள் கூறும். குழி தோண்டியவர் யாவர்? நூல்கள் கூறா. தோட்டத்தில் உழைத்தவன் பெயருக்கு இடம் செக்ரோல் ஒன்றே. அதை எழுதும் நம்போன்ற கிராணிமார் அறிவோம்: சம்பளக் கணக்குக்காகப் பெயர் எழுதுகிறோம்; ஆள் இறந்தால் ஒரு கோடு கிழிக்கிறோம். ஏடும் செல்லரித்தால், அவன் இரண்டாம் முறை சாகிறான்.

தோழர்களே! தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிபடுமுன், முதியோரைக் கேட்டு இறந்தோரின் பெயர், ஊர், வேலை, ஆண்டு இவற்றை எழுதுங்கள். கருமாதிச் செலவில் ஒரு பங்கு ஓர் ஏட்டுக்கும் ஒரு கல்லுக்கும் போகட்டும். அமுதம் நமக்கு எவரும் பங்கிடப் போவதில்லை. எழுதுகோல் நம் கையிலேயே இருக்கிறது.