கருதப்படுகிறதாம்

தமிழ் விமர்சனத்தில் இன்று அதிகம் எழுதுகிறவர் யார் என்று கேட்டால், பெயரில்லாத ஒருவர் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாப் பத்திரிகைகளிலும் இருக்கிறார். கருதுகிறார், நம்புகிறார், ஏற்றுக்கொள்கிறார். ஆனால் ஒரு வாக்கியத்திலாவது எழுவாயாக வந்து உட்கார்ந்ததில்லை. 'பரவலாகக் கருதப்படுகிறது', 'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது', 'சரியாகவே சுட்டிக்காட்டப்பட்டுள்ளது' என்று வினையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். இவரைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஆளை எனக்குப் பழைய பழக்கம். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவன் நான். பரீட்சைத் தாளை நிரப்ப எங்களுக்குக் கைகொடுத்தவர் அவர்தான். 'இட் இஸ் ஒய்ட்லி பிலீவ்ட் தட்' என்று ஆரம்பித்தால் மேலே எதையும் எழுதலாம். அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். 'இட்' என்பது காலி நாற்காலி. அதில் யாரும் உட்காரப்போவதில்லை. வினை செயப்பாட்டுவினை, நம்பினவன் வெளியேறிவிட்டான். 'தட்'டுக்குப் பின்னால் சரக்கு வருகிறது. இடையில் செருகப்பட்டிருக்கும் அடைமொழிதான் விஷமம். 'ஒய்ட்லி' தலைகளை எண்ணுகிறது; எண்ணினவர் யார் என்று சொல்வதில்லை. 'ஜெனரலி' விதிவிலக்குகளை முன்கூட்டியே மன்னித்துவிடுகிறது. 'ரிலையப்ளி' சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே அவன் யோக்கியன் என்று தீர்ப்பெழுதுகிறது.

ஆங்கிலத்திலாவது ஒரு குறைந்தபட்ச நேர்மை உண்டு. எச்சரிக்கைப் பலகை வாக்கியத்தின் வாசலிலேயே இருக்கிறது. வரப்போவது பிறர் நம்பிக்கை என்று தெரிந்துகொண்டுதான் வாசகன் உள்ளே போகிறான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'இந்த நாவல் தமிழின் மகத்தான சாதனை' என்பது முழுக்க மனசுக்குள் இறங்கி உட்கார்ந்த பிறகு, வாலில் 'என்று கருதப்படுகிறது' வருகிறது. வாசகன் அதற்குள் அடுத்த வரிக்குத் தாவியிருப்பான். ஆக, இரவல் வாங்கின பிரயோகம் இங்கே சொந்த ஊரில் இருந்ததைவிட மோசமான வேலை செய்கிறது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து வந்த இரண்டு எழுத்தாள நண்பர்களோடு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருந்தன. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அந்தப் பாசனத்தில் பயிர் செய்யும் ஒரு பெரியவர் சொன்னார்:

"எங்க நைனா சொல்லுவாரு சார். அவுங்க தாத்தனுக்கும் முன்னால, வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க வந்து பறவைய சுட்டாங்களாம். ஊரே தெரண்டு போயி கலெக்டர்கிட்ட மொறையிட்டாங்களாம். இனிமே யாரும் சுடக்கூடாதுன்னு அவரு காயிதம் எழுதிக் குடுத்தாராம்."

ஒரு நண்பர் உடனே நோட்டை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். 'இப்பறவைகள் பல தலைமுறைகளாகப் பாதுகாக்கப்பட்டு வருவதாக உள்ளூரில் பரவலாக நம்பப்படுகிறது' என்று எழுதியிருந்தார்.

பெரியவரின் பேச்சில் எத்தனை பேர்! நைனா, சிப்பாய்கள், ஊர்க்காரர்கள், கலெக்டர். நோட்டில் ஒரு ஆள் கிடையாது. பெரியவர் ஒவ்வொரு வினைக்கும் ஒரு 'ஆம்' போட்டார். 'நான் பார்க்கவில்லை, கேட்டது இது' என்று அந்த ஈரெழுத்துக்காரன் சொல்லிவிடுகிறான்; இன்னாரிடம் கேட்டேன் என்பதை 'எங்க நைனா சொல்லுவாரு' சொல்லிவிடுகிறது. நண்பரின் வாக்கியத்தில் இந்த மூன்றும் இல்லை. பதிலுக்கு 'பரவலாக' இருக்கிறது. அவர் கேட்டது ஒரே ஒருவரிடம் என்பதற்கு நான் சாட்சி.

பெரியவரின் கலெக்டர் கற்பனை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ்தான் அவர். 1858ல் மறுபடியும் அந்த உரிமை ஊருக்கு உறுதி செய்யப்பட்டது. 'ஆம்' போட்டவர் சொன்னதைத் தேடிப்போய்ச் சரிபார்க்க முடிகிறது. ஆளும் செயலும் அதில் இருப்பதால்தான் முடிகிறது. 'நம்பப்படுகிறது' என்பதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

இதே மாவட்டத்தின் கடலோரத்தில் இதே சங்கதி பெரிய அளவில் நடந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்கு 1772லும் 1776லும் போன வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை 1788ல் 'ஏஷியாடிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வந்தது. கடலுக்குள் கோயில் சிகரங்கள் தெரிந்ததையும், சூரியோதயத்தில் அவற்றின் செப்புத்தகடு மின்னியதையும் தங்களில் வயதானவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று ஊரார் தன்னிடம் கூறியதாக எழுதுகிறார். பார்த்தவர் யார், சொன்னவர் யார், எழுதினவர் யார் என்று சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. பிறகு கிழவர்கள் உதிர்ந்தார்கள், ஊரார் உதிர்ந்தார்கள், சேம்பர்ஸும் உதிர்ந்தார். மிஞ்சியது: 'ஏழு கோயில்களில் ஆறு கடலில் மூழ்கியதாகப் பரவலாக நம்பப்படுகிறது.' 2002ல் கடலில் மூழ்கிப் பார்த்தவர்களும், 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆராய்ந்த தொல்லியல் துறையினரும் கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள். கண்டது கல். 'ஆறு' என்ற எண்ணிக்கையைக் கொடுத்தது கல் அல்ல, செயப்பாட்டுவினை.

இதற்கு மாறான ஆட்களும் அதே ஊரில் உண்டு. பெரிய பாறைச் சிற்பத்தை 'அர்ஜுனன் தபசு' என்று எல்லோரும் அழைத்துவந்தபோது, அது கங்கை இறங்கும் காட்சி என்று 1914ல் விக்டர் கோலுபியூ வாதாடினார். மாமல்லபுரத்துப் படைப்புகள் அனைத்தும் இராஜசிம்மனுடையவை என்று 1962ல் இரா. நாகசாமி எழுதினார். பலர் ஏற்கவில்லை, மறுத்தும் எழுதினார்கள். எது சரி என்பது இங்கே என் பிரச்னை இல்லை. மறுக்க ஒரு முகம் இருந்தது. அறிவு நகர்வது இப்படித்தான்.

ஒரு ஆட்சேபம் எனக்கே தெரியும். 'படு' ஆங்கிலச் சரக்கு அல்ல. தொல்காப்பியத்தின் முதல் சூத்திரமே 'எனப்படுப' என்று தொடங்கவில்லையா? தொடங்குகிறது. ஆனால் அங்கே 'படு' பெயர் வைக்கிறது. எழுத்து என்று சொல்லப்படுபவை இவை, அவ்வளவுதான். அவை எத்தனை என்று கணக்குச் சொல்லும் பொறுப்பு வரும்போது அதே சூத்திரம் 'என்ப' என்கிறது. 'என்ப' செய்வினை, பலர்பால். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், யார் என்று கேட்டால் புலவர்கள் என்று பதில் உண்டு. பெயர் வைக்க ஒரு வினை, பொறுப்பேற்க இன்னொரு வினை என்று பிரித்து வைத்திருந்த மொழியில் நாம் இரண்டையும் குழப்பிவிட்டோம்.

பத்திரிகை நிருபர் 'கூறப்படுகிறது' என்று எழுதுவதற்கு வழக்கு பயம் காரணம். அவரை மன்னிக்கலாம். என் வங்கியிலிருந்து எனக்கு ஒருமுறை மெமோ வந்தது. நான் கவுண்டரில் வாடிக்கையாளர்களிடம் அலட்சியமாக நடப்பதாக 'நம்பத்தகுந்த வகையில் அறியப்படுகிறது' என்றது. அறிந்தவர் யார் என்று எழுதிக் கேட்டேன். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று 'முடிவு செய்யப்பட்டது'. அதிகாரம் அந்த மொழியில்தான் பேசும். பேசுகிறவனைக் காணாவிட்டால் எதிர்த்துப் பேச முடியாது என்று அதற்குத் தெரியும்.

விமர்சகனுக்கு என்ன அதிகாரம்? அவனிடம் இருப்பது ஒரு மனசும் ஒரு பெயரும்தான். க.நா.சு. தன் பட்டியல்களைத் தன் பெயரிலேயே போட்டார். வெறும் அபிப்பிராயம் என்று திட்டினார்கள். 1959ல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பாவோ அபிப்பிராயம் போதாது, அலசிக் காட்ட வேண்டும் என்று நின்றார். இரண்டு பேருக்கும் வாசலும் கதவும் இருந்தன, போய்த் தட்டலாம். இன்றைய மதிப்புரையில் கதவு இல்லை. கவிஞர் 'முக்கியமானவராக அறியப்படுகிறார்', தொகுப்பு 'பெரிதும் கவனிக்கப்பட்டது'. முந்நூறு பிரதி அச்சடித்த புத்தகத்தைப் பெரிதும் கவனித்தவர்கள் எங்கே? பத்துப் பேர் நாம், ஒருவரையொருவர் தெரியும். நமக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறோம்.

நானும் செய்திருக்கிறேன். ஒரு நண்பரின் சுமாரான தொகுப்பைப் பற்றி 'நம்பிக்கை அளிப்பதாகப் பரவலாக உணரப்படுகிறது' என்று எழுதினேன். நான் உணரவில்லை. வேறு யாரும் உணர்ந்ததாகவும் கேள்விப்படவில்லை. என் பொய்யைச் சுமக்க ஓர் ஊரையே கூலிக்குப் பிடித்தேன். கையெழுத்தில்லாத செக்கில் தொகையை எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் கவுண்டரில் பணம் கொடுக்க மாட்டேன். அதையேதான் அச்சில் கொடுத்திருந்தேன்.

நீங்களே படித்து நினைத்திருந்தால் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதுங்கள். பிறர் சொல்லியிருந்தால் பெயரைப் போடுங்கள். காதில் விழுந்ததுதான் என்றால், வேடந்தாங்கல் பெரியவரைப்போல ஒரு 'ஆம்' போட்டுவிடுங்கள். அதில் கௌரவக்குறைவு ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரை மிகையானது என்று கருதப்படலாம். கருதுகிறவர் கையெழுத்துப் போட்டு எழுதட்டும். பதில் எழுதுகிறேன்.