கையிலே களஞ்சியம், வாயிலே வதந்தி!

"ஆதாரம் எங்கே?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். அதுவரை தேநீர்க் கடை மேசையைத் தட்டித் தட்டி முழங்கிக்கொண்டிருந்த நம் தோழரின் குரல் இறங்கிவிடுகிறது. "வாட்ஸ்அப்பிலே வந்தது" என்கிறார். அனுப்பியது யார்? மைத்துனன். மைத்துனனுக்கு அனுப்பியது யார்? உடன் வேலை பார்ப்பவர். அவருக்கு? அங்கே பாதை அடைபட்டுப் போகிறது! எதிரே அமர்ந்திருப்பவன் புன்னகை பூக்கிறான். நியாயம் நம் பக்கம், வாதம் அவன் பக்கம்!

தெருமுனைப் படிப்பகங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு கூரை, இரண்டு பெஞ்சு, மூன்று ஏடுகள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். மில் சங்கு ஊதியதும் கலைந்து போவார்கள். அவர்களிடம் காசில்லை, கல்லூரிப் பட்டம் இல்லை. ஆனால், "எந்த ஏட்டிலே வந்தது, எந்தக் கிழமை வந்தது?" என்று கேட்டால், பதில் இருந்தது. இன்று அவர்களுடைய பேரனின் சட்டைப் பையிலே அந்தப் படிப்பகத்தைப்போல் இலட்சம் படிப்பகங்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவனோ அந்தக் கதவைத் திறவாமல் திண்ணையிலே அமர்ந்து, போகிறவர் வருகிறவர் வீசி எறியும் துண்டுச் சீட்டைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான்!

அந்தக் கதவுகளிலே சிலவற்றைத்தான் இன்று சுட்டிக் காட்ட விரும்புகிறேன். எல்லாம் இலவசம். எவரிடமும் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியதில்லை.

முதலிலே வயிற்றுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். திங்கள்தோறும் ஊதியத்திலே பொதுவாக நூற்றுக்கு 12 பங்கு வருங்கால வைப்பு நிதிக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்தது உண்மை, கட்டினார்களா? முதலாளி தம் பங்கையும் சேர்த்து அடுத்த திங்கள் 15-ஆம் நாளுக்குள் செலுத்தியாக வேண்டும். செலுத்தினாரா இல்லையா என்பதை அறிய முன்னாளிலே கணக்குப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். 2014-இல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 12 இலக்கமுள்ள பொதுக் கணக்கு எண் ஒன்று வந்தது. அந்த எண்ணைக் கொண்டு வைப்பு நிதி நிறுவனத்தின் வலைத்தளத்திலே நுழைந்தால், எந்தத் திங்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாஸ்புத்தகம் வரிசையாகக் காட்டும். ஏறாத திங்கள் பல்லில்லாத வாயைப்போலப் பளிச்சென்று தெரியும். நம்மிலே எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? கிரிக்கெட் ஓட்டக் கணக்கைப் பந்துக்குப் பந்து பார்க்கிற விரல், இந்தக் கணக்கை ஆண்டுக்கு ஒரு முறையாவது தட்டக் கூடாதா?

அடுத்தது சட்டம். சங்க அலுவலகத்து அலமாரியிலே அட்டை கிழிந்த சட்டப் புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்கும். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், 1947-இன் தொழில் தகராறுச் சட்டம், 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எல்லாம் அதிலே உண்டு. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நிர்வாகத்தோடு பேசப் போகிறார் தோழர். அந்தச் சட்டங்கள் உட்பட 29 சட்டங்களின் இடத்திலே நான்கு தொகுப்புச் சட்டங்களை 2019, 2020 ஆண்டுகளில் நாடாளுமன்றம் இயற்றிவிட்டதும், அவை 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டதும் மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவருக்குத் தெரியும். பழைய பிரிவு எண்ணை இவர் சொன்னதும் அவர் நகைக்கிறார். அந்தத் தொகுப்புகள் நல்லவையா, தீயவையா என்பதைப் பிறிதொரு நாள் பேசலாம். எதிர்ப்பவனும் முதலில் படித்துத்தானே ஆக வேண்டும்? "இந்தியா கோட்" என்ற பெயரிலே அரசாங்கமே ஒரு தளம் நடத்துகிறது. நடுவண் சட்டங்களும் மாநிலச் சட்டங்களும் அங்கே பிரிவு பிரிவாக இருக்கின்றன. தீர்ப்பு வேண்டுமா? உச்ச நீதிமன்றம் 2023 சனவரியிலே தன் தீர்ப்புத் திரட்டுகளை "இ-எஸ்.சி.ஆர்." என்னும் தளத்திலே பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது, தமிழிலே பெயர்க்கப்பட்ட தீர்ப்புகளும் உண்டு. வழக்குரைஞர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழக்குரைஞரிடம் போகுமுன் தன் வழக்கு இன்னதென்று தெரிந்துகொண்டு போகிறவனை ஏமாற்றுவது கடினம் என்கிறேன்.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். தரகர் நீட்டும் நகலைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். நம் மாநிலத்திலே பட்டா விவரத்தை வருவாய்த்துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" தளத்திலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் தளத்திலும் வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். ஒரு மணி நேர வேலை. வாழ்நாள் சேமிப்பு தப்பும்.

இவையெல்லாம் அரசாங்கம் மனமிரங்கிப் போட்ட பிச்சை என்று எண்ணிவிடாதீர்கள். இதற்குப் பின்னே ஒரு போராட்டக் கதை இருக்கிறது. இராசத்தானத்திலே 1990-ஆம் ஆண்டு மே நாளன்று உழைப்பாளரும் உழவரும் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்று பெயர். பஞ்சக் காலத்து ரோடு வேலை, குளம் வெட்டும் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீ செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டிலே இருக்கிறது" என்றார்கள். "அந்தப் பதிவேட்டைக் காட்டு" என்றார்கள் இவர்கள். அது அரசாங்க இரகசியமாம்! 1994-இல் ஊர்ப் பொதுவிலே மக்களைக் கூட்டி, அரும்பாடுபட்டுக் கிடைத்த பதிவேடுகளை உரக்கப் படித்தார்கள். செத்துப் போனவர் பெயரிலே கூலி! வேலைக்கே வராதவர் பெயரிலே கூலி! கட்டாத கட்டடத்துக்குச் செலவு! 1996-இல் பியாவர் நகரத்திலே 40 நாள் தெருவிலே அமர்ந்தார்கள். அந்தப் பொறிதான் நாடெங்கும் பரவி, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. கேட்டால் 30 நாளிலே பதில் சொல்ல வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, எவரும் கேளாமலேயே அரசு அலுவலகங்கள் தம் விவரங்களை வெளியிட்டு வைக்க வேண்டும் என்கிறது. அதைப் பலர் அறியார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிப்பெண்கள் தெருவிலே அமர்ந்து திறந்துவைத்த கதவு அது. நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

மேடைக்கு வருவோம். தேர்தலுக்கு முன் ஒரு தளத்திலே பெரிய எழுத்திலே இருந்த வாக்குறுதி, தேர்தலுக்குப் பின் மாயமாய் மறைந்துவிடுகிறது. "அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார்கள். இதற்கு மருந்து சான்பிரான்சிசுகோ நகரத்திலே இருக்கிறது. 1996-இல் தொடங்கப்பட்ட "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்னும் நிலையம், உலகத்து வலைப் பக்கங்களை நாள் குறித்துப் படியெடுத்து வைக்கிறது. 2025 அக்டோபரிலே அந்தத் தொகை ஒரு இலட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டது. அழித்த பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அது எந்த நாளிலே எப்படி இருந்தது என்று பல வேளைகளிலே எடுத்துக் காட்டும். எதிரியின் பக்கத்தை மட்டுமா? நம்முடையதையும்தான்! அதனாலே நாவை அளந்து பேசுவதும் நல்லது.

இனி மொழி. நம் தோழர்களுக்கு மொழியைப் பற்றிப் பேசுவதென்றால் கரும்பு தின்பது போல. ஆனால் சொல்லின் பொருளை எங்கே தேடுகிறோம்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் சேர்ப்புத் தொகுதி. இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எந்த நூலிலே ஒரு சொல் ஆளப்பட்டது என்பதையும் குறித்து வைத்திருக்கிறார்கள். பத்தாண்டுகள் பதிப்பாசிரியராக இருந்து பேருழைப்பு உழைத்தவர் வையாபுரிப் பிள்ளை. அவருடைய கருத்துகளோடு மல்லுக்கு நின்றவர்களும் அந்த அகராதியைப் புரட்டாமல் இருந்ததில்லை. முன்பு அது பெரிய நூலகங்களிலே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னே இருந்தது. இன்று அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்திலே எவர் வேண்டுமானாலும் தேடலாம்.

அங்கேயே பரோ, எமனோ என்ற இரு அறிஞர்கள் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியும் இருக்கிறது. "கண்" என்று தேடிப் பாருங்கள். மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று வரிசையாக வந்து, மலைவாழ் மக்களின் மொழிகளைக் கடந்து, கடைசியிலே பாகித்தானத்துப் பலூசித்தானிலே பேசப்படும் பிராகுயி மொழியிலே போய் நிற்கும். அங்கேயும் கண்ணுக்குக் "கன்" போன்ற சொல்தான். முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து ஒலிக்கிறார்கள், அவ்வளவே. இதைக் காட்டிலும் சுவையான மேடைச் செய்தி உண்டா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. "ஆங்கிலத்துக் 'கூலி' நம் தமிழ்க் கூலியே" என்று முழங்குகிறோம். 1886-இல் வெளிவந்த "ஆப்சன் சாப்சன்" என்ற ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியமும் அதே தளத்திலே உண்டு. அதைப் புரட்டினால் இரண்டு வழி சொல்கிறது: ஒன்று தமிழ்க் கூலி, மற்றொன்று குசராத்துப் பக்கத்துக் கோலி என்னும் மக்களின் பெயர். சுருட்டு, கட்டுமரம், கறி ஆகியவை நம்மிடமிருந்து போனவை என்பதிலே இந்தக் குழப்பம் இல்லை. அப்படியானால் மேடையிலே சுருட்டைச் சொல்லுங்கள், கூலியைச் சொல்லும்போது "இருக்கலாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கைதட்டல் சற்றுக் குறையும்; மறுநாள் எவனும் மறுத்து எழுத முடியாது.

நூல்கள் வேண்டுவோர்க்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலே வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் அறிஞர் தொடங்கிவைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் ஒரு காசு வாங்காமல், வேலை முடிந்த இரவுகளிலே அமர்ந்து நம் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பெ. தூரன் தலைமையிலே 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலே காணலாம். அறிவியல் செய்திகள் பழையனவாகியிருக்கும். ஆனால், அறிவியலைத் தமிழிலே இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமா என்று வியப்பீர்கள்.

ஈழத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. 1981-இல் மே முடிந்து சூன் பிறந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பல்! ஏட்டுச் சுவடிகளும் அதிலே போயின. 2005-இலே "நூலகம்" என்ற பெயரில் இளைஞர்கள் சிலர் ஒரு வலைத்தளம் கண்டார்கள். ஈழத்து நூல்கள், இதழ்கள், ஊர்க் கோயில் மலர்கள், பள்ளி மலர்கள், துண்டறிக்கைகள் என்று கிடைத்ததையெல்லாம் படமெடுத்து ஏற்றுகிறார்கள். பல்லாயிரம் ஆவணங்கள் சேர்ந்துவிட்டன. இனி அவற்றை எரிப்பதற்கு ஒரு தீப்பெட்டி போதாது.

தமிழ் விக்கிப்பீடியா பலருக்கும் தெரியும். 2003-இலே பிறந்தது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். "எவன் வேண்டுமானாலும் எழுதலாமாமே, அதை நம்பலாமா?" என்பார்கள் சிலர். நம்ப வேண்டாம், பயன்படுத்துங்கள். வரியின் முடிவிலே சிறு எண் ஒன்று தெரிகிறதா? அதைத் தட்டினால் சான்று எந்த நூல் என்று காட்டும். எண் இல்லாத வரியை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், எந்த நாளிலே எவர் எதை மாற்றினார் என்பதும் தெரியும். இத்தனை வெளிப்படையாக எந்த அச்சு நூலும் தன் அடித்தல் திருத்தலைக் காட்டியதில்லை. குறை கண்டால் திருத்தவும் செய்யலாம். குறை சொல்கிறவர்களிலே அதைச் செய்கிறவர் மிகக் குறைவு!

புதிதாய் ஒரு சோம்பேறித்தனம் வந்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் எந்திரம்! அழகாகத்தான் பேசுகிறது. 2023-இலே நியூயார்க்கு நகரத்து வழக்குரைஞர்கள் சிலர், சாட்ஜிபிடி என்ற அந்த எந்திரம் கொடுத்த முன் தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்திலே தாக்கல் செய்தார்கள். நீதிபதி தேடிப் பார்த்தார். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை! 5,000 டாலர் அபராதம். படித்த வழக்குரைஞர்களுக்கே இந்தக் கதியென்றால், நம் கிளைச் செயலாளர் அதை நம்பித் துண்டறிக்கை அச்சிட்டால் என்ன ஆகும்? வழி கேட்பதற்கு அது உதவட்டும். போய்ச் சேர்ந்த இடம் சரிதானா என்பதை மூல நூலைத் திறந்து நாமேதான் பார்க்க வேண்டும்.

என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு படிப்பகத்திலும், ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு பழைய கணினியோ பெரிய செல்பேசியோ மேசைமேல் இருக்கட்டும். மேலே சொன்ன தளங்களின் பெயர்களைப் பெரிய எழுத்திலே எழுதிச் சுவரிலே ஒட்டுங்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், கல்லூரியிலே படிக்கும் தம்பியோ தங்கையோ அருகிருந்து காட்டட்டும். கண் மங்கிய பெரியவர்களுக்கு, அன்று ஏடு படித்தது போல, உரக்கப் படித்துக் காட்டட்டும். முதல் ஞாயிறு வேறெதுவும் வேண்டாம்: வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக அவரவர் வைப்பு நிதிப் பாஸ்புத்தகத்தைத் திறந்து, கடந்த 12 திங்களும் ஏறியிருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். ஏறாத திங்களை ஒரு தாளிலே குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை சங்கச் செயலாளரிடம் கொடுங்கள்.