லாச்சியை எண்ணாதீர்கள், மூட்டையை எண்ணுங்கள்

2022 ஆம் ஆண்டு ஹட்டன் பக்கத்தில் தோட்டத்துக் கடை நடத்தும் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "நானா, லாச்சியில காசு கூடுது, ராக்கையில சாமான் குறையுது. இது என்ன கணக்கு?" என் கடையிலும் அதே கதைதான்.

பால்மாவை எடுத்துக்கொள்வோம். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை 400 கிராம் பக்கெட் 380 ரூபா. 2022 ஆரம்பத்தில் 540. மார்ச் மாத நடுவில் 790. மார்ச் முதல் வாரத்தில் 20 பக்கெட்டுகளைக் கடனுக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பள நாளில் 10,800 ரூபாவும் ஒரு சதம் குறையாமல் வந்துவிடுகிறது. அந்தக் காசுக்குப் புது விலையில் 13 பக்கெட்தான் வரும். கழிவைச் சேர்த்தால் இன்னும் ஒன்று கூடலாம். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் ஆறேழு பக்கெட் போய்விட்டது. பணவீக்கம் சிறு கடையின் முதலைத் தின்பது இப்படித்தான்.

வாங்குபவர் மீதும் குற்றமில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. இடையில் ஒரு நாள் சம்பளத்தில் இரண்டு பக்கெட் வாங்கியவர் ஒன்றோடு நின்றார். கடன் கொப்பியை மூடினால் லயத்தில் அடுப்பு எரியாது. திறந்தே வைத்தால் நம் கடை மூடிவிடும். இதுதான் நமக்கு வந்த சோதனை.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம் வரை ஏறியது. பிறகு இறங்கியது. பணவீக்கம் இறங்கினால் விலை பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைத்தோம். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது. ஆகவே கரைந்த முதல் தானாகத் திரும்பாது.

நான் பட்டுத் தெளிந்தவற்றைச் சொல்கிறேன். விற்ற காசில் முதலில் அதே சாமானை இன்றைய விலையில் திரும்ப வாங்கும் பணத்தை ஒதுக்குங்கள். மிஞ்சுவதுதான் இலாபம். வீட்டுக்கு எடுக்கும் சீனி, பருப்பையும் கொப்பியில் எழுதுங்கள். குடும்பக் கடைகளில் அதிகம் ஒழுகும் ஓட்டை அதுதான். கடனுக்கு ஓர் எல்லை வையுங்கள். அரிசி, மா, பருப்புக்கு அந்த எல்லைக்குள் கொடுங்கள், பிஸ்கட்டுக்கும் சோடாவுக்கும் வேண்டாம்.

தவணை தவறியவரிடம் ஒரு ரூபா கூட்டி வாங்கினாலும் அது வட்டி. கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க அல்குர்ஆன் (2:280) ஏவுகிறது. விலை ஏறும் என்று மூட்டையைப் பதுக்குவதும் நமக்கு ஆகாது. ஆனால் முதலைப் பாதுகாப்பது பேராசையல்ல. அடுத்த மாதமும் அந்த லயத்துக்கு மா கொடுக்க நம் கடை திறந்திருக்க வேண்டும் அல்லவா?

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.